ஒரே காட்ரிஜில் கிணற்று நீரும் கராஜ் காற்றும்: எங்கிருந்து வடிவமைப்பைத் தொடங்குவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோண்டாவிலில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டுக் கிணற்று நீருக்கும், பக்கத்து கராஜில் பெயின்ட் அடிப்பவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் ஒரே அளவில் கழற்றி மாட்டும் பில்டர் காட்ரிஜ் செய்யலாம் என்று யோசிக்கிறேன். உள்ளே இருக்கும் பொருளை மட்டும் மாற்றினால் போதாதா? எங்கள் கிணற்று நீரின் வன்மை லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது. கல்சியத்தையும் இதிலேயே எடுக்க முடியுமா?"

தம்பி, இரண்டுக்கும் ஒரே காட்ரிஜ் சரிவராது. கல்சியமும் இந்த அளவுக் காட்ரிஜில் சரிவராது. ஆனால் உங்கள் பட்டறையில் செய்யக்கூடிய நல்ல காட்ரிஜ் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் உள்ளே என்ன போடுவது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். உள்ளே போடும் பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நீங்கள் வடிவமைக்க வேண்டியது இரண்டு முனைகளையும், அதைக் கழற்றப் போகும் கையையும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் போட்ட 5 மைக்ரோன் காட்ரிஜ், ஆனால் மேல் தாங்கியின் அடியில் ஒரு விரற்கடை செம்மண். காட்ரிஜை உள்ளே வைத்து மூடும் நீலக் கூட்டைக் கழற்றிப் பார்த்தால் காட்ரிஜ் பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. வீட்டு ஐயாவுக்குச் சந்தோஷம், "இன்னும் பழுதாகவில்லை, திருப்பிப் போடலாம்" என்றார். செம்பாட்டு மண் கிணற்றில் மூன்று மாதம் இருந்த காட்ரிஜ் வெள்ளையாக இருந்தால் தண்ணீர் அதற்குள்ளால் போகவே இல்லை என்று அர்த்தம். காட்ரிஜின் முனையில் ஒட்டியிருந்த ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூட்டின் கத்தி விளிம்பு அழுத்திய தடம் முழு வட்டமாக இருக்க வேண்டும். அதில் இருந்தது பிறை நிலா, மற்றப் பாதி வழுவழுப்பாகவே இருந்தது. காரணம் சின்னது. 10 அங்குலக் காட்ரிஜ் என்று கடையில் விற்பது எல்லாம் ஒரே நீளம் இல்லை. 248 மில்லிமீற்றரும் உண்டு, 251-உம் உண்டு, சரியாக 254-உம் உண்டு. கட்டையானதை நீளமான கூட்டில் போட்டிருந்தார்கள். தண்ணீர் எப்போதும் சுகமான வழியால்தான் போகும். ஒரு இடுக்கு வழியே போகும் தண்ணீரின் அளவு அந்த இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு.

ஆகவே முதல் முடிவு முனையைப் பற்றியது. இரண்டு பக்கமும் திறந்த, தட்டையான ரப்பர் வளையம் வைத்த காட்ரிஜ் மலிவு, செய்வது சுலபம், எந்தக் கடையிலும் மாற்று வாங்கலாம். ஆனால் நீளம் பிசகினால் மேலே சொன்ன கதைதான். ஒரு முனையை மூடி, மற்ற முனையில் இரண்டு ஓ-ரிங் (உருண்டையான ரப்பர் வளையம்) வைத்த குழல் போட்டால் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடிக் குறைந்தாலும் அடைப்பு கெடாது, ஏனென்றால் அங்கே ரப்பர் பக்கவாட்டில் அழுத்தப்படுகிறது. மருந்து உற்பத்தி போன்ற கடுமையான இடங்களில் இதைத்தான் பாவிக்கிறார்கள். அசையாத இடத்தில் ஓ-ரிங்கை அதன் தடிப்பில் 15 முதல் 25 வீதம் நசுங்கும்படி பள்ளத்தை வெட்டுங்கள். உங்கள் லேத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

ரப்பரையும் பார்த்து எடுங்கள். குளோரின் கலந்த தண்ணீருக்கு ஈபிடிஎம் நல்லது. எண்ணெய், டீசல் என்றால் அது ஊதிப் பெருத்துவிடும், அங்கே நைட்ரைல். இன்னொன்று: இங்கே கூட்டை மூடும்போது ஓ-ரிங்குக்கு வாசலின் அல்லது தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஈபிடிஎம் வளையத்துக்கு அது நஞ்சு. சிலிக்கோன் கிரீஸ் ஒரு சின்ன ரியூப் வாங்கினால் வருடக்கணக்கில் காணும்.

இனிக் கழற்றும் கை. 9 சென்ரிமீற்றர் வாய் உள்ள கூட்டில் 4 பார் அழுத்தம் இருந்தால், அதன் அடியைக் கீழே தள்ளும் விசை சுமார் 250 கிலோ. மூன்று பெரிய ஆட்கள் ஏறி நிற்பது போல. அழுத்தத்தை வெளியேற்றும் சின்னப் பொத்தான் வேண்டும். அழுத்தத்தோடு நிற்கும் கூட்டைக் கழற்றுவது மிகக் கஷ்டம், கழற்றினால் காயம். கூட்டுக்குக் கீழே ஒரு வாளி வைக்கவும், கூட்டை இறக்கி எடுக்கவும் இடம் வேண்டும். தரையோடு ஒட்டிப் பூட்டிய பில்டரை வீட்டுக்காரர் மாற்றவே மாட்டார். அதோடு நிழலான இடமாகப் பாருங்கள். கண்ணாடி போன்ற கூட்டை எங்கள் வெயிலில் வைத்தால் உள்ளே பாசி பிடிக்கும், பிளாஸ்ரிக்கும் நாளடைவில் வெடிக்கும்.

தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும் என்பதற்கும் இதில் பங்கு உண்டு. வெளிப்பக்கம்தான் பரப்பு அதிகம், அழுக்கு அங்கேயே தங்கும், உள்ளே இருக்கும் துளைக்குழல் அழுத்தத்தைத் தாங்கும். கழற்றும்போது அழுக்கு வெளியே தெரிவதால் எப்போது மாற்றுவது என்று கண்ணே சொல்லிவிடும். கொம்பிரசர் காற்றில் இருக்கும் எண்ணெய்த் துமியைப் பிடிக்கும் காட்ரிஜில் திசை நேர்மாறு: உள்ளிருந்து வெளியே. சின்னத் துளிகள் நாரில் மோதி, ஒன்று சேர்ந்து, பெரிய துளியாகி வெளிப்பக்கத்தில் வழிந்து கீழே விழ வேண்டும். வெளியிலிருந்து உள்ளே விட்டால் சேர்ந்த எண்ணெய் திரும்பக் காற்றோடு போய்விடும். ஒரே கூடு போதாது என்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஒரு வாயுவின் மூலக்கூறு காற்றுக்குள் பரவும் வேகம், கரைந்த பொருள் தண்ணீருக்குள் பரவும் வேகத்தைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு. முகமூடியில் மாட்டும் காட்ரிஜில் 100 மில்லிலீற்றர் கரி இருக்கிறது என்று வையுங்கள். வேலை செய்பவர் நிமிடத்துக்கு 30 லீற்றர் காற்று இழுக்கிறார். அந்தக் காற்று கரிக்குள் இருப்பது 0.2 செக்கன் மட்டும். அவ்வளவு போதும், ஆவி கரித்துளையின் சுவரைத் தேடிப் போய் ஒட்டிவிடும். அதே கரியில் தண்ணீரை அந்த வேகத்தில் விட்டால் ஒன்றும் நடக்காது. தண்ணீருக்கு நேரம் வேண்டும், அதாவது நீளமான படுக்கையும் மெதுவான ஓட்டமும். காற்றுக்கு வேண்டியது குறைந்த தடை, ஏனென்றால் அதை இழுப்பது மோட்டர் இல்லை, ஒரு மனிதனின் நெஞ்சு. அதனால்தான் முகமூடிக் காட்ரிஜ் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது, தண்ணீர்க் காட்ரிஜ் நெடுப்பமாக இருக்கிறது. அந்த வடிவங்கள் அழகுக்காக வந்தவை இல்லை.

கரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையின் சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் உயிர்ப்பித்த காபன் உலகம் முழுக்கப் போகிறது. ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு உட்பரப்பு, அநேகமாக மிக நுண்ணிய துளைகள், மணிகள் கடினமானவை, தூளாகாது. ஆவிக்கும் குளோரினுக்கும் இதைவிட நல்ல பொருளைத் தேடி மினக்கெட வேண்டியதில்லை. ஆனால் காட்ரிஜுக்குள் கொட்டும்போது கவனம். தளர்வாகக் கொட்டினால் ஆட்டத்தில் மணிகள் கீழே இறங்கி மேலே வெற்றிடம் வரும், காற்றும் தண்ணீரும் அந்த வழியால் ஓடிவிடும். மழை போல மெல்லத் தூவி, தட்டி இறுக்கி, மேலே ஒரு பஞ்சு வட்டமோ வில்லோ வைத்து அழுத்தி மூடுங்கள்.

இப்போது பெயின்ட் அடிப்பவர்களின் விடயம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சுவாசக் காட்ரிஜை நீங்கள் செய்ய வேண்டாம். கரி தூசியைப் பிடிக்காது, தூசி பில்டர் ஆவியைப் பிடிக்காது, இரண்டும் சேர வேண்டும். 0.3 மைக்ரோன் அளவுத் துகளைத்தான் காற்றில் பிடிப்பது மிகக் கஷ்டம். பெரியவை நாரில் மோதி நிற்கும், அதைவிடச் சின்னவை அலைந்து திரிந்து நாரில் ஒட்டும், இடைப்பட்டவை நழுவிவிடும். அதனால்தான் ஹெப்பா பில்டரை அந்த அளவில் 99.97 வீதம் என்று சோதிக்கிறார்கள். இந்தச் சோதனைக்கான கருவி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எங்கள் ஈரப்பதனும் ஒரு எதிரி. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் கரித்துளைகளில் தண்ணீர் இடம் பிடிக்கத் தொடங்கிவிடும், ஆவிக்கு இடம் குறையும். பொதியை உடைத்து ஆணியில் தொங்கவிட்ட காட்ரிஜ், ஒருவரும் போடாமலே களைத்துப் போகும்.

கராஜ்காரர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, சரியானதை வாங்க வைப்பது. ஐரோப்பிய முறைப்படி பழுப்புப் பட்டை, கொதிநிலை 65 பாகைக்கு மேற்பட்ட சேதன ஆவிகளுக்கு, வெள்ளைப் பட்டை தூசிக்கு, பச்சை அமோனியாவுக்கு. பெயின்டுக்குப் பழுப்பும் வெள்ளையும் சேர்ந்தது. அதிலும் இரண்டு டின் கலந்து அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் ஐசோசயனேற் என்ற நச்சுப்பொருள் இருக்கும். அதற்கு மணம் தெரியும் முன்பே நுரையீரல் பாதிக்கப்படும், காட்ரிஜ் முடிந்துவிட்டது என்பதை மூக்கு சொல்லித் தராது. அந்த வேலைக்கு வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று கொடுக்கும் முகமூடிதான் சரி.

அதே கராஜில் நீங்கள் கை வைக்கக்கூடிய இடம் கொம்பிரசர் பைப். 30 பாகை வெப்பத்தில், 80 வீத ஈரப்பதனில், ஒரு கனமீற்றர் காற்றில் கிட்டத்தட்ட 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதை எட்டில் ஒன்றாக அமுக்கி ஆறவிட்டால் 4 கிராமுக்கும் குறைவாகத்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராக விழும், ஒவ்வொரு கனமீற்றருக்கும். பெயின்டில் மீன் கண் போல வட்டம் விழுகிறது என்று அவர்கள் குறைப்படுவது பெரும்பாலும் இந்தப் பைப்பில் வரும் தண்ணீராலும் எண்ணெயாலும்தான். உள்ளிருந்து வெளியே ஓடும் காட்ரிஜ், அடியில் வடித்துவிடும் வால்வு. அது உங்கள் பட்டறைக்குள் அடங்கும் வேலை.

இனி உங்கள் கல்சியம். கணக்காகவே பார்ப்போம். கல்சியத்தைப் பிடிப்பது ரெசின் என்ற சிறு மணிகள். ஒரு லீற்றர் ரெசின் முழுத் திறனில் சுமார் 100 கிராம் வன்மையைப் பிடிக்கும். 10 அங்குலக் காட்ரிஜில் 0.7 லீற்றர் ரெசின்தான் கொள்ளும், ஆக 70 கிராம். உங்கள் தண்ணீரில் லீற்றருக்கு 0.4 கிராம். பிரித்தால் 175 லீற்றர். நடைமுறையில் அதற்கு முன்பே கசியத் தொடங்கிவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 500 லீற்றர் சாதாரணமாகப் போகும். காலையில் போட்ட காட்ரிஜ் மத்தியானம் தாண்டாது. குடிக்கவும் சமைக்கவும் 20 லீற்றர் மட்டும் என்றாலும் 9 நாள் வராது. இதைக் காட்ரிஜ் என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

பெரிய தொட்டியில் ரெசின் போட்டு உப்புக் கரைசலால் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம்தான். ஆனால் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் அப்படி மென்மையாக்கினால் தினமும் சுமார் அரைக் கிலோ உப்பு வேண்டும், மாதம் 15 கிலோ. கழுவிய உப்புநீர் எங்கே போகும்? வீட்டுக் கோடியில் மண்ணுக்குள். குடாநாட்டில் ஓயாமல் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள், கடல் உப்புநீருக்கு மேலே, வில்லை போல மிதந்து நிற்கும் மழைநீர்தான் எங்களுக்கு இருக்கும் முழுச் சொத்து. அதற்குள் மாதம் 15 கிலோ உப்பை நாங்களே இறக்கினால், சவர் கடலிலிருந்து வர வேண்டியதில்லை. எனக்கு இதில் இரண்டாம் பேச்சு இல்லை. கேத்தலில் படியும் வெள்ளையைத் தேசிக்காய்ப் புளியால் கழுவிக்கொள்ளலாம், அது ஆளைக் கொல்லாது.

கொல்லக்கூடியது கண்ணுக்குத் தெரியாது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடும் பக்கங்களில் உரம் இறங்கி வரும் நைத்திரேற்று. உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை மனதில் வைத்துப் போட்ட எல்லை அது. பஞ்சுக் காட்ரிஜ், கரி, பீங்கான் ஒன்றுமே நைத்திரேற்றைத் தொடாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் குறைந்து அது இன்னும் செறிவாகும். அதற்கு ஆர்ஓ (மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணீரை அழுத்தி வடிக்கும் கருவி) வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள ரெசின். எனவே வன்மை அறிக்கையோடு நிற்காமல் நைத்திரேற்றையும், மலசலகூடக் குழி கிட்ட இருந்தால் பக்ரீரியாவையும் சோதியுங்கள். 5 மைக்ரோன் காட்ரிஜ் பக்ரீரியாவை நிறுத்தாது. அது ஒரு மைக்ரோன் சுற்றில் இருக்கும் உயிர். அதிலும் பெட்டியில் போட்டிருக்கும் "5 மைக்ரோன்" பெரும்பாலும் பெயரளவு எண். அந்த அளவுத் துகளில் ஒரு பங்கு தப்பிப் போகும் என்பதை ஒத்துக்கொண்ட எண் அது. முழுமையான அளவு என்று எழுதியிருந்தால்தான் ஆயிரத்தில் 999-ஐயாவது நிறுத்தும். கரிக் காட்ரிஜ் வேறு, குளோரினை எடுத்துவிடுவதால் அதற்குள் கிருமி வளரும். அதைக் குடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் வையுங்கள், தாங்கிக்கு முன்னால் வேண்டாம்.

சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 வாக்கில் பெரிதாக எழுந்தபோது ஆக்கள் கரிக் காட்ரிஜ் தேடி அலைந்தார்கள். மிதக்கும் எண்ணெயைக் கரியில் நேரே விட்டால் துளைவாய்களை மூடி வெகு கெதியில் முடித்துவிடும். முதலில் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். கரி கடைசி ஆள்.

அடைத்துக்கொண்டால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் வரையும்போதே முடிவு செய்யுங்கள். வாகன எண்ணெய் பில்டருக்குள் ஒரு வால்வு இருக்கிறது. அடைப்பு கூடி அழுத்த வித்தியாசம் சுமார் ஒரு பாருக்கு வந்தால் திறந்து, வடிக்காத எண்ணெயை விட்டுவிடும். எண்ணெயே இல்லாமல் எஞ்சின் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெய் மேல். பொருளாதாரத் தடை இருந்த 1990களில், மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம், நான் கராஜில் எடுபிடியாக நின்றேன். புது பில்டர் கிடைக்காது. பழைய கடதாசி பில்டரை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவோம். கழுவக் கழுவக் கடதாசி தளர்ந்து, ஒரு நாள் மடிப்புப் பிரிந்து உள்ளே இருந்த அழுக்கு முழுவதும் போய்விடும். குடிநீருக்கு அந்தத் திறக்கும் வால்வு கூடாது. அடைத்தால் நிற்கட்டும், நின்றால்தான் மாற்றுவார்கள். ஆனால் அப்படி நிற்கும்போது நசுங்காத உட்குழல் வேண்டும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்று நான் சொன்ன காட்ரிஜுக்கு வருகிறேன். நூல் சுற்றிய காட்ரிஜ். துளையிட்ட பொலிபுரொப்பிலீன் குழல், அதன் மேல் வைர வடிவில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிய பொலிபுரொப்பிலீன் நூல். பருத்தி நூல் தண்ணீரில் உக்கிவிடும், வேண்டாம். உங்கள் லேத்தில் நூலை வழிநடத்தும் ஒரு கை பூட்டினால் சுற்றலாம். உள்ளே நெருக்கமாக, வெளியே போகப் போகத் தளர்வாகச் சுற்றினால் பெரிய மண் வெளியே நிற்கும், மாவு போன்ற செம்மண் உள்ளே நிற்கும், தடிப்பு முழுவதும் வேலை செய்யும். மடிப்புக் காட்ரிஜில் பரப்பு பத்து மடங்கு, சுமார் 0.5 சதுர மீற்றர் வரும். ஆனால் எங்கள் களிமண் மடிப்புகளுக்கு இடையில் அப்பிக்கொண்டால் அந்தப் பரப்பால் பயனில்லை. அதன் முனை மூடிகள் பல பிவிசி. வளவுக்குள் குப்பையோடு கொளுத்தினால் நச்சுப்புகை. நூல் காட்ரிஜில் நூலை அறுத்தெறிந்து குழலைத் திரும்பச் சுற்றலாம். வீட்டுக்காரர் பழைய குழலைத் தந்தால் காசு குறைத்துக் கொடுங்கள். நூலில் ஆலையில் பூசிய எண்ணெய்ப் பதம் இருக்கும், முதல் தண்ணீரில் நுரைக்கும். சுற்றிய பிறகு சுடுநீரில் அலசுங்கள்.

அளவு 4.5 அங்குல விட்டம், 20 அங்குல நீளம் என்று எடுங்கள், சந்தையில் இருக்கும் கூட்டுக்கே பொருந்தும். உங்களுக்கென்று ஒரு தனி அளவு வைக்காதீர்கள். பட்டறையை நீங்கள் மூடினாலும் அந்த வீட்டுக்கு மாற்றுக் கிடைக்க வேண்டும். பூட்டும் இடம் மோட்டருக்கும் தாங்கிக்கும் நடுவில். தாங்கிக்குப் பிறகு பூட்டினால், 6 மீற்றர் உயரம் தருவது 0.6 பார் மட்டும். அதில் பாதியைக் காட்ரிஜ் எடுத்துக்கொண்டால் குளியலறையில் தண்ணீர் சொட்டும். மோட்டர் பக்கம் அந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் முன்னும் பின்னும் அழுத்தமானி ஒவ்வொன்று பூட்டுங்கள். வித்தியாசம் ஒரு பாரைத் தொட்டால் மாற்றும் நாள்.

முதல் காட்ரிஜைச் சுற்றியதும் கடைக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டுக் கூட்டிலேயே போட்டு, ஒரு வாளி தண்ணீரில் இரண்டு கைப்பிடி செம்மண் கரைத்து ஓடவிடுங்கள். பிறகு கழற்றி, மேல் முனை, கீழ் முனை இரண்டு ரப்பரையும் வெயிலில் பிடித்து வடிவாகப் பாருங்கள். தடம் முழு வட்டமாக விழுந்திருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். பிறை விழுந்திருந்தால் காட்ரிஜின் நீளத்தை அளந்து எழுதுங்கள், எங்கே பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.